சந்தையில வாங்குன 7 அஸ்டெரிக்ஸ் டிவிடி: குரலுக்காகவே வாங்கலாம்

போன மாசம் பாரிஸ் பக்கத்துல ஒரு பழைய சாமான் சந்தையில ரோமானியர்கள எதிர்த்து நிக்கிற குட்டி வீரன் அஸ்டெரிக்ஸோட பிரெஞ்சு கார்ட்டூன் டிவிடி 7 சேர்த்து 10 யூரோவுக்கு வாங்குனேன், கடைக்காரர் 12 சொன்னாரு, ரெண்டு கவர் ஒடஞ்சிருக்குன்னு காட்டுனதும் கொறச்சிட்டாரு. பையன் பிரெஞ்சு கத்துக்கட்டும்னு வாங்குனது, ராத்திரி 1 மணி வரைக்கும் உக்காந்து பாத்தது என்னவோ நான்தான்.

கொறைய மொதல்ல சொல்லிடறேன். 1986 படத்தோட கவரத் தொறந்தா உள்ள ஒரு சமையல் டிவிடி இருக்கு! 1968 கிளியோபாட்ரா டிஸ்க் ரெண்டு எடத்துல திக்கித் திக்கி ஓடுது. சந்தையில வாங்குனா அங்கயே தொறந்து பாத்துருங்க, நான் பாக்கல.

ஆனா காசு வீணாச்சான்னு கேட்டா இல்லவே இல்ல, காரணம் ரோஜே காரெல். பிரெஞ்சுல அஸ்டெரிக்ஸுக்குக் குரல் குடுத்த நடிகர். 1967ல மொத படம் வந்தப்ப அவருக்கு 40 வயசு, 2006 வைகிங் படம் வந்தப்ப 78, ரெண்டையும் அடுத்தடுத்து போட்டு கண்ண மூடிக் கேட்டேன், கொஞ்சம் கரகரப்பு ஏறியிருக்கு, அவ்ளோதான், அந்தத் துள்ளல் அப்படியே இருக்கு. இதுக்குள்ள பக்கத்துல நிக்கிற குண்டு நண்பன் ஒபெலிக்ஸோட குரலுக்கு மூணு பேர் மாறிட்டாங்க, ஜாக் மொரெல், பியேர் தொர்னாத், அப்புறம் ஜாக் ஃப்ரான்ட்ஸ்.

ஒண்ணே ஒண்ணுதான் பாக்க நேரம்னா 1976ல வந்த பன்னிரண்டு சோதனை படத்த எடுங்க. அதுல ஒரு அரசாங்க ஆபீஸ், ஏ-38ங்கிற அனுமதிச் சீட்டு வாங்கணும், ஒவ்வொரு கவுன்டரும் இன்னொரு மாடிக்கு அனுப்புது. பேப்பர் வேலைக்கு அலஞ்ச எல்லாருக்கும் வயித்தக் கலக்குற சீன். ஆரம்பத்துல மரியாதையா கேக்குற அஸ்டெரிக்ஸ் குரல் போகப் போக இறுகுது, பல்லக் கடிக்கிறது நமக்கே கேக்குது, திடீர்னு ஒண்ணுமே தெரியாத பச்சப்புள்ள மாதிரி புது சுற்றறிக்கை பி-65 படி ஏ-39 வேணும்னு கேக்குறார் பாருங்க, அப்படி ஒரு சீட்டே இல்ல, அதத் தேடி மொத்த ஆபீஸும் பைத்தியமாகுது. அந்த எடத்த நாலு தடவ ரீவைண்ட் பண்ணேன்.

இதே மனுஷன்தான் பிரெஞ்சு ஸ்டார் வார்ஸ்ல அந்தத் தங்கக் கலர் ரோபோ, ஜங்கிள் புக்ல மலைப்பாம்பு கா, டிவியில டேவிட் சூஷே நடிச்ச துப்பறிவாளர் பொய்ரோவுக்கும் இவர் குரல். திரையிலயும் சின்னச் சின்ன ரோல் நிறைய பண்ணிருக்கார், 1983ல வந்த ‘பாப்பி ஃபெ த லா ரெசிஸ்தான்ஸ்’ல ஜெர்மன் ஜெனரல் முல்லர் இவர்தான். நான் அந்தப் படத்த முன்னாடியே பாத்தவன், ஆளத் துளிகூடக் கண்டுபுடிக்கல. என்கிட்ட இருக்கற கவருங்கள்ல இவர் பேரத் தேட கண்ணாடி வேணும், அது வேற கடுப்பு.

அவர் கடைசியா அஸ்டெரிக்ஸா பேசுனது 2014 படத்துல, 87 வயசுல. அது இந்தக் கட்டுல இல்ல, தனியா தேடிட்டு இருக்கேன். 2018 படத்துல கிறிஸ்தியான் கிளாவியே பேசுறார், நல்ல நடிகர்தான், எனக்கு என்னமோ ஒட்டல. 2020ல காரெல் 93 வயசுல இறந்துட்டார்.

5க்கு 4 ஸ்டார். அந்தச் சமையல் டிஸ்க்ல ஆப்பிள் டார்ட் நல்லா வந்துச்சு, அதையும் கணக்குல சேத்துதான்.