போலிப் பத்திரம் வந்தால் எந்த நாடு யாரைக் காக்கும்?

பழைய வண்ணாரப்பேட்டையில் அரை கிரவுண்டு வாங்குகிறவர் தாய்ப்பத்திரம், முப்பது வருட ஈசி (வில்லங்கச் சான்று), பட்டா எல்லாம் பார்த்து, வக்கீலிடம் ஒப்பீனியனும் வாங்கிவிடுகிறார். அப்படியும் ‘இது உன்னுடையது’ என்று அரசு உத்தரவாதம் தருவதில்லை. 1908 பதிவுச் சட்டப்படி சார்பதிவாளர் பதிவது ஆவணத்தைத்தான், உரிமையை அல்ல. பட்டா வெறும் வருவாய்த் துறைப் பதிவு. ஈசியில் பதிவானவை மட்டுமே வரும். பதியாத உயிலோ, விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாத தங்கையின் பங்கோ அதில் தெரியாது. பாகம் பிரிக்காத பழைய வீடு என்றால் வாரிசுச் சான்றைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

கையெழுத்து போலியென்று நிரூபணமானால் இங்கே கிரயமே செல்லாது. பழைய உரிமையாளர் தப்பித்தார், பணம் கொடுத்தவர் மாட்டினார்.

சிங்கப்பூர், மலேசியா இரண்டிலும் டோரன்ஸ் முறை: பதிவேட்டில் பெயர் இருப்பவரே உரிமையாளர். வாங்குகிறவருக்கு நிம்மதிதான். ஆனால் பினாங்கில் ஆள்மாறாட்டம் செய்து விற்ற நிலத்தை, நல்லெண்ணத்தோடு வாங்கியவருக்கே மலேசியக் கூட்டரசு நீதிமன்றம் கொடுத்தது. நிலத்துக்காரர் விற்காமலே நிலத்தை இழந்தார். அந்த நிலைப்பாட்டை அதே நீதிமன்றம் 2010-ல்தான் கைவிட்டது. இப்போது போலி ஆவணத்தில் நேரடியாக வாங்கியவருக்குப் பாதுகாப்பில்லை, அவரிடமிருந்து நல்லெண்ணத்தோடு வாங்கும் அடுத்தவருக்கு உண்டு. இங்கிலாந்தில் பதிவேட்டுப் பிழையால் நஷ்டப்பட்டவருக்கு நிலப்பதிவகமே இழப்பீடு தருகிறது. என் பார்வையில் இதுதான் நியாயமான ஏற்பாடு.

எதிரிடை அனுபவம்? தனியார் நிலத்தை 12 ஆண்டு தன்னுடையதுபோல வெளிப்படையாக அனுபவித்தவர் அதற்கு உரிமை கோருவது இங்கே இன்னும் உண்டு. சிங்கப்பூர் 1994-ல் ஒழித்துவிட்டது.

அரசே நிலத்தை எடுத்தால் கணக்கு மாறுகிறது. சிங்கப்பூர் அரசியலமைப்பில் சொத்துரிமைக்கென்று பிரிவே இல்லை. முழுச் சந்தை விலை தருவதும் 2007-க்குப் பிறகுதான். மலேசியாவில் 13-ஆம் பிரிவு போதிய இழப்பீட்டுக்கு உறுதி சொல்கிறது. இந்தியாவில் 1978-இன் 44-ஆவது திருத்தம் சொத்துரிமையை அடிப்படை உரிமைகளிலிருந்து எடுத்து 300ஏ பிரிவில் வைத்தது. ஆனாலும் 2013 நில எடுப்புச் சட்டப்படி நகரத்தில் சந்தை மதிப்போடு அதே அளவு ஆறுதல் தொகையும் சேரும். காகிதத்தில் மூன்றிலும் தாராளம் இதுதான். சிக்கல் அந்தச் சந்தை மதிப்பில் இருக்கிறது: வழிகாட்டி மதிப்பு (பத்திரப்பதிவுக்கு அரசு குறிக்கும் விலை), அக்கம்பக்கப் பத்திரங்களில் காட்டிய விலை, இவற்றில் எது கூடுதலோ அதை எடுப்பார்கள். ராயபுரத்துத் தெரு முழுக்கப் பாதிப் பணத்தைக் கையில் வாங்கிக்கொண்டு மீதிக்குப் பத்திரம் போட்டிருந்தால், வழிகாட்டி மதிப்பும் அதைத் தாண்டாதபோது இழப்பீட்டுக் கணக்கும் அந்த மீதியிலிருந்துதான் தொடங்கும்.