பாடத்துக்கு முன் ஒரு காணொளி: ஐந்தாண்டு அனுபவம்

2020 ஊரடங்கின்போது, கல்லூரியில் நான் நடத்திவந்த புள்ளியியல் அறிமுகப் பாடத்தை மூடில் என்ற இணையவழிக் கற்றல் தளத்துக்கு மாற்ற வேண்டியதாயிற்று. முதல் வாரத்தில் வந்த வாட்ஸ்அப் கேள்விகளில் புள்ளியியல் பற்றியவை மிகக் குறைவு, "மேடம், அசைன்மென்ட் எங்கே போடணும்?" என்பதுதான் திரும்பத் திரும்ப வந்தது. அதன் பிறகே, பாடப்பக்கத்தில் எது எங்கே இருக்கிறது என்பதை நானே பேசிக் காட்டும் காணொளி ஒன்றை ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் வைக்கத் தொடங்கினேன்.

முதல் காணொளி 22 நிமிடம் ஓடியது. வரவேற்புரை, பாடத்தின் பெருமை, மதிப்பெண் விதிகள் என எல்லாவற்றையும் அதில் அடைத்திருந்தேன். எட்எக்ஸ் என்ற இணையப் பாடத் தளத்தின் பாடங்களில் 69 லட்சம் பார்வை அமர்வுகளை ஆராய்ந்து 2014இல் வெளிவந்த ஆய்வை நான் பிற்பாடுதான் படித்தேன். காணொளி எவ்வளவு நீளமானாலும் மாணவர் பார்க்கும் நேரத்தின் இடைநிலை அளவு (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் மதிப்பு) 6 நிமிடத்தைத் தாண்டுவதில்லை என்று அது சொல்கிறது. இடைநிலை அளவை வகுப்பில் நடத்துகிறவள் இதைக் கொஞ்சம் முன்பே தேடிப் படித்திருக்கலாம். இப்போது அதே காணொளி சுருங்கி மூன்று துண்டுகளாக இருக்கிறது. எதுவும் 5 நிமிடத்தைத் தாண்டாது.

அவற்றில் மிகவும் பயன்பட்டது ஒப்படைப்பைப் பற்றிய துண்டுதான். பதிவேற்றிய பிறகு சமர்ப்பிக்கும் பொத்தானைத் தனியே அழுத்த வேண்டும் என்ற அமைப்பை என் பாடத்தில் வைத்திருக்கிறேன். விடைத்தாளைப் படமெடுத்து ஏற்றிவிட்டு வேலை முடிந்தது என்று எழுந்துபோகும் மாணவரின் கோப்பு, அந்தப் பொத்தானை அழுத்தாத வரை, வரைவாகவே கிடக்கும். இதை எழுத்தில் இரண்டு முறை அறிவித்தும் பயனில்லை. ஆகவே கணினியை விட்டுவிட்டு என் கைபேசித் திரையையே பதிவுசெய்து, பக்கத்தைக் கீழே தள்ளி, பொத்தானை அழுத்தி, "வரைவு" என்ற சொல் மறைந்து பச்சை நிறத்தில் நிலை மாறுவது வரை காட்டினேன். பெரும்பாலான மாணவர்கள் கைபேசியில்தான் பாடம் படிக்கிறார்கள் என்பதால், கணினித் திரையைக் காட்டிய பழைய பதிவு அவர்களுக்கு வேறொரு ஊரின் வரைபடமாகவே இருந்திருக்கும். அடுத்த பருவத்தில் வரைவிலேயே நின்றுபோன ஒப்படைப்புகள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்தன.

செய்த பிழை ஒன்றையும் சொல்ல வேண்டும். ஒரு பருவத்தின் கெடு தேதியைக் காணொளியில் வாய்விட்டுச் சொல்லியிருந்தேன். மறு பருவத்தில் அதே காணொளியைப் பார்த்த சிலர் பழைய தேதியையே நம்பிக் காத்திருந்து, உண்மையான கெடுவைத் தவறவிட்டார்கள். யூடியூபில் ஏற்றிய காணொளியின் ஒரு பகுதியை வெட்டி நீக்கலாமே தவிர, அதே முகவரியில் வேறு கோப்பை வைக்க முடியாது. புதிதாக ஏற்றி, இணைப்பு இருந்த இடங்களையெல்லாம் தேடித் திருத்தினேன். இப்போது தேதி, மதிப்பெண் போன்றவை எழுத்துப் பக்கத்தில் மட்டுமே இருக்கும். "தேதியைப் பாடப்பக்கத்தின் மேற்பகுதியில் பாருங்கள்" என்பதோடு என் பேச்சு நின்றுவிடும்.

துணைவரிகளை நானே தட்டச்சு செய்கிறேன். அலுப்பான வேலைதான், ஆனால் பேருந்தில் ஒலியை அடைத்துவைத்துப் பார்க்கிறவர்களுக்கு அது வேண்டும்.

2022இல் வந்த மூடில் 4.0 பக்க அமைப்பையே மாற்றியதால், கல்லூரி அதற்கு மாறியபோது திரையைக் காட்டும் இரண்டு துண்டுகளையும் மீண்டும் எடுக்க நேர்ந்தது. என் முகம் தெரியும் முதல் துண்டு, ஓபிஎஸ் ஸ்டூடியோ என்ற காணொளிப் பதிவு மென்பொருளில் 2021இல் பதிவுசெய்தபடியே, பின்னணியில் அண்டை வீட்டுக் குக்கர் விசிலோடு, இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.