தினம் சாப்பிடுவதெல்லாம் சிவப்பு: 21,100 ரூபாய் போன விவரம்

பெரம்பூர் பக்கம் ஒரு மாடியில் 'உணவு ரீசெட்' என்று போர்டு போட்டு, ஒரு மாதம் சில உணவுகளை விலக்கவைக்கும் சென்டர் ஒன்றை நடத்துகிறார்கள். நடத்துபவர்களின் பெயரைப் போடவில்லை, புகார் நடக்கிறது. ஆனால் இதே பாணியில் ஊரெங்கும் கடை விரித்திருப்பதால், போவதற்கு முன் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

நான் எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். காலை 10 மணிக்குக் கல்லாப் பக்கம் உட்கார்ந்தால் இரவு 10. நடுவில் ஆறு டீ, டீக்கு ரெண்டு பட்டர் பிஸ்கட், நாலு மணிக்கு பஜ்ஜி. கடை சாத்தியதும் பரோட்டா. சனிக்கிழமை என்றால் பீச் ஸ்டேஷன் எதிரே அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ், கூடவே பேஜோ என்கிற மொறுமொறு பலகாரம். வயது 44, நாலு வருஷமாகச் சர்க்கரை மாத்திரை. எப்போது பார்த்தாலும் வயிறு உப்பிக்கொண்டே இருக்கும். ஒரு மாதம் எல்லாவற்றையும் நிறுத்தி, நாக்கை ஒருமுறை அடக்கிப் பார்க்கலாம் என்று நானாகத்தான் போனேன். அதில் யாரையும் குறை சொல்ல முடியாது.

முதலில் ரத்தம் எடுத்தார்கள், 6,500 ரூபாய். 'எந்த உணவு உங்களுக்கு விஷம் என்று தெரிந்துவிடும்' என்றார் அங்கிருந்த மேடம். பத்து நாள் கழித்து ரிப்போர்ட் வந்தது, வழவழப்பான தாளில் சிவப்பு, மஞ்சள், பச்சைக் கட்டங்களோடு. சிவப்பில் அரிசி, உளுந்து, துவரம்பருப்பு, பால், கோதுமை, தேங்காய், தக்காளி, நெத்திலி. பச்சையில் அவகாடோ, ப்ரோக்கோலி, சால்மன் மீன். வீட்டில் காட்டினேன். என் மனைவி ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "இன்னாங்க இது, நீங்க தினம் துன்றது எல்லாம் சிவப்புல கீது, நாம கண்ணால கூட பார்க்காதது எல்லாம் பச்சைல கீது" என்றாள்.

அன்றைக்கு அவளை அதட்டினேன். அப்புறம் தெரிந்தது, மொத்த விஷயமும் அவள் சொன்னதில்தான் இருக்கிறது. அந்தப் பரிசோதனை ஐஜிஜி என்ற எதிர்ப்புப் பொருளை அளக்கிறது. ஓர் உணவை அடிக்கடி சாப்பிட்டால் அதற்கான ஐஜிஜி ரத்தத்தில் இருப்பது சகஜம். உடம்பு அதைப் பார்த்துப் பழகியிருக்கிறது என்றுதான் அதற்கு அர்த்தம். உண்மையான அலர்ஜிக்குப் பார்ப்பது ஐஜிஈ, அது வேறு. ஒவ்வாத உணவைக் கண்டுபிடிக்க ஐஜிஜியைப் பயன்படுத்தாதீர்கள் என்று ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவர்களின் அமைப்பு 2008-லேயே சொல்லிவிட்டது. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பவனுக்கு நெத்திலி சிவப்பில் வராமல் வேறு என்ன வரும்?

சரி, 30 நாள் பேக்கேஜ் 9,000. பவுடர் டின் 2,800, ரெண்டு வாங்கியே ஆக வேண்டும். பணம் முழுக்க யாரோ ஒருவரின் சொந்த நம்பருக்கு ஜிபேயில் போனது. பில் கேட்டேன், வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. டின்னில் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு உரிம) நம்பரைத் தேடினேன். அது இருக்க வேண்டிய இடத்தில் 'இயற்கையானது' என்று ஸ்டிக்கர்.

நான் நிரப்பிய படிவத்தில் ராசி, பிறந்த நேரம் வரைக்கும் கேட்டிருந்தார்கள். என்ன மாத்திரை போடுகிறீர்கள் என்று ஒரு கட்டம் இல்லை.

ஒன்பதாவது நாள் மதியம். பன்னிரண்டு மணி வரை ரெண்டு முட்டை, கொஞ்சம் வெள்ளரிக்காய், அவ்வளவுதான் உள்ளே போயிருந்தது. ஒரே கூட்டலை மூன்று தடவை போடுகிறேன், மூன்று விடை வருகிறது. கை நடுங்கி, சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கடைப் பையன் "அண்ணே, மூஞ்சி வெளுத்துப் போச்சு" என்று பக்கத்து மெடிக்கலுக்குக் கூட்டிப்போனான். விரலில் குத்திப் பார்த்தார்கள்: 54. எழுபதுக்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை. மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்க வைத்தார்கள். கொஞ்சம் தெளிந்ததும் மேடத்துக்கு போன் செய்தேன். "சார், டாக்சின் வெளியே போகுது, விட்டுடாதீங்க. இன்னும் ரெண்டு ஸ்பூன் பவுடர் சேர்த்துக்கோங்க."

மாலையில் எங்கள் டாக்டரிடம் நல்ல திட்டு வாங்கினேன். நான் போடும் கிளிமிபிரைடு மாத்திரை, நாம் சோறு தின்றாலும் தின்னாவிட்டாலும் கணையத்தைத் தட்டி இன்சுலினைச் சுரக்கவைக்கும். சோற்றை நிறுத்துவதானால் முதலில் மாத்திரை அளவைக் குறைக்க வேண்டும், அதையும் டாக்டர்தான் குறைக்க வேண்டும். மெட்ஃபார்மின் மட்டும் போடுபவர்களுக்கு இப்படி ஆவது அபூர்வமாம். இன்சுலின் ஊசி போடுபவர்கள் இன்னும் ஜாக்கிரதை.

அளவைக் குறைத்துக்கொண்டு மிச்ச நாளையும் ஓட்டினேன். கட்டின காசு! பொய் சொல்லக்கூடாது, பஜ்ஜி ஆசை நிஜமாகவே அடங்கியது. ஆனால் 31-ஆம் நாள், எதை முதலில் திரும்பச் சேர்ப்பது என்று கேட்டதற்கு வந்த பதில்: "குடல் இன்னும் ரெடியாகலை சார், செகண்ட் ரீசெட் போடணும்." இன்னொரு 9,000, இன்னும் ரெண்டு டின்.

ஏமாற்றே இங்கேதான். அரசு ஆஸ்பத்திரி டயட்டீஷியன் எனக்கு விளக்கியதைச் சொல்கிறேன். விலக்கு உணவுமுறையில் விலக்குவது பாதி வேலைதான். ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகம் குடல் கோளாறுக்காக வகுத்த முறையில் கண்டிப்பான கட்டமே ரெண்டிலிருந்து ஆறு வாரம்தான். அப்புறம் ஒவ்வொன்றாகத் திரும்பக் கொண்டுவந்து, மூன்று நாள் சாப்பிட்டு, வயிறு என்ன சொல்கிறது என்று குறித்துவைக்க வேண்டும். 2009-ல் அமெரிக்காவில் தொடங்கிய ஹோல்30 என்ற விலக்கு உணவுமுறை கூட 30 நாளோடு விலக்கலை முடித்து, உணவைத் திரும்பச் சேர்க்கச் சொல்கிறது. அதன் விதிகள் இணையத்தில் இலவசம். இவர்கள் கொடுத்த தாள் முக்கால்வாசி அதன் தமிழாக்கம், திரும்பச் சேர்க்கும் பகுதியை மட்டும் கிழித்துவிட்டார்கள். அதைக் கொடுத்தால் ஆள் குணமாகிப் போய்விடுவானே.

நானே செய்து பார்த்தேன். பருப்பு ஒன்றும் செய்யவில்லை. சோறு ஒன்றும் செய்யவில்லை. பால் மூன்றாவது டம்ளரில் பிடிபட்டது: ஒரு டீ பரவாயில்லை, ஆறு டீதான் ஆகவில்லை. இதைக் கண்டுபிடிக்க ஆன செலவு பால் பாக்கெட் காசு.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன், 'நோ ரீஃபண்ட்' என்றார்கள். 1915-க்கு போன் செய்து நுகர்வோர் புகார் பதிந்திருக்கிறேன். அதில் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம்; நாம் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. ஜிபே ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப் பேச்சு, 54 என்று காட்டிய அந்த மீட்டரின் போட்டோ எல்லாம் பத்திரமாக வைத்திருக்கிறேன். பிரிக்காத ஒரு டின் பீரோ மேல் இருக்கிறது. இடத்தை அடைக்கிறது, எடுத்துப் போடு என்கிறாள் மனைவி. சாட்சிப் பொருள், தொடாதே என்று சொல்லியிருக்கிறேன்.