1964 ஜப்பான்: புல்லட் ரயிலா, ஒலிம்பிக்கா?

அந்த ஆண்டு ஜப்பான் செய்ததில் எது பெரிது என்று கேட்டால், போட்டி இந்த இரண்டுக்கும்தான். இரண்டுக்கும் ஒன்பது நாள்தான் இடைவெளி. 1964 அக்டோபர் 1-இல் டோக்கியோவிலிருந்து ஒசாகாவுக்கு ஷின்கான்சென் என்ற முதல் புல்லட் ரயில் கிளம்பியது. 10-ஆம் தேதி டோக்கியோ ஒலிம்பிக் தொடங்கியது.

மனதை உலுக்கியது ஒலிம்பிக்தான். ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்த அதே 1945 ஆகஸ்ட் 6 அன்று, அதே மாகாணத்தில் பிறந்த யோஷினோரி சகாய் சுடரேற்றினார். போரின் அழிவிலிருந்து ஜப்பான் மீண்டதை அதைவிட அழுத்தமாக எந்தப் பேச்சும் சொல்லியிருக்காது. ஜப்பான் 16 தங்கம் வென்றது.

ரயிலின் கதை கொஞ்சம் கசப்பானது. உலக வங்கியில் 8 கோடி டாலர் கடன். செலவு கைமீறியதால் ரயில்வே தலைவர் ஷின்ஜி சோகோ, தலைமைப் பொறியாளர் ஹிதியோ ஷிமா இருவரும் 1963-இலேயே பதவி இழந்தார்கள். தொடக்க விழா மேடையில் அவர்கள் இல்லை. ஆனால் ஆறரை மணி நேரப் பயணம் நான்கு மணி நேரமானது. வேகம் மணிக்கு 210 கிலோமீட்டர்.

எனக்கு ரயில்தான் ஒரு படி மேல். விளையாட்டு 24-ஆம் தேதி முடிந்துவிட்டது. ரயில் இன்றும் ஓடுகிறது, தடம்புரண்டோ மோதியோ ஒரு பயணியைக்கூடப் பலிகொடுக்காமல்.