பல்லாங்குழியா, சொங்காக்கா, போனா?

போன பள்ளி விடுமுறையில், மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா என் மகளுக்கு மலாய்க்காரர்கள் ஆடும் சொங்காக் விளையாட்டின் பலகை ஒன்றைக் கொடுத்தார். அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நம்ம பல்லாங்குழிதான். ஓரத்துல எதுக்கு இவ்ளோ பெரிய குழி?"

வித்தியாசமே அந்தக் குழியில்தான்.

இரண்டிலும் ஆளுக்கு ஏழு குழி. பல்லாங்குழியில் எங்கள் வீட்டு வழக்கம் இது: கைக்காய் தீர்ந்ததும் அடுத்த குழியை அள்ளித் தொடரலாம். அது வெறுங்குழி என்றால் துடைத்துவிட்டு, அதற்கடுத்த குழியில் இருப்பதை எடுத்துக்கொண்டு நிறுத்த வேண்டும். ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் 'பசு', குழிக்காரர் எடுத்துக்கொள்வார். எதிராளி ஆடும்போதும் கண்ணை எடுக்க முடியாது. அசந்தால் ஐந்தாவது காய் விழுந்துவிடும், பசு போச்சு. முதல் நாள் மகள் மூன்று பசுவைக் கோட்டைவிட்டாள். பாட்டி வாயே திறக்கவில்லை, சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

சொங்காக்கில் குழிக்கு ஏழாக 98 காய். பெரிய குழிதான் 'வீடு'. சுற்றி வரும்போது நம் வீட்டில் ஒன்று போடுவோம், எதிராளி வீட்டைத் தாண்டிவிடுவோம். கடைசிக் காய் நம் வீட்டில் விழுந்தால் மறுபடி ஆடலாம். அதனால் அள்ளும் முன்பே மனக்கணக்கு ஓடும். வீட்டிலிருந்து மூன்றாவது குழியில் மூன்று காய் இருந்தால் சரியாக வீட்டில் போய் முடியும். பதினெட்டு இருந்தாலும் அப்படித்தான், ஒரு முழுச் சுற்றுக்குப் பதினைந்து காய். பதினைந்தாம் வாய்ப்பாடு சொல்லத் திணறும் என் மகள் இதை இரண்டே நாளில் கண்டுபிடித்தாள்!

கணக்குக்குச் சொங்காக், கவனத்துக்குப் பல்லாங்குழி. எனக்குப் பல்லாங்குழிதான் ஒரு படி மேல். அம்மாவிடம் தோற்றே வளர்ந்தவள் வேறென்ன சொல்வேன்?

அப்புறம் போன். அதிலும் சொங்காக் இருக்கிறது. குழியைத் தொட்டால் போதும், காய்கள் தாமாக ஓடும். கள்ள ஆட்டம் ஆட முடியாது, அதனால் சண்டையும் இல்லை. எண்ணுவது, கண்காணிப்பது, நியாயம் பேசுவது எல்லாவற்றையும் போனே செய்துவிட்டால் பிள்ளைக்கு என்ன மிச்சம்? நீண்ட பஸ் பயணத்துக்குச் சரி.

அம்மா உண்டியலைக் கவிழ்த்து ஒரு பழைய பத்துக் காசைத் தேடி எடுத்தார். 1989இல் வந்த வரிசை. பின்பக்கம் சொங்காக் பலகை. "இத்தனை வருஷமா இதைக் கொடுத்துத்தானே மிட்டாய் வாங்கினோம்!"

ரப்பர் தோட்டத்தில் இருந்தபோது அம்மா மண்ணில் குழி தோண்டி ரப்பர் கொட்டையில் ஆடினாராம். இப்போது சுற்றிலும் செம்பனை. நாங்கள் புளியங்கொட்டை போட்டுக்கொண்டோம்.

நேற்று பக்கத்து வீட்டுப் பெண்ணும் என் மகளும் சொங்காக் பலகையில் பசுவையும் சேர்த்துக்கொண்டார்கள். விதி இன்னும் முடிவாகவில்லை. வாசலில் மலாயிலும் தமிழிலும் ஒரே கூச்சல்.