மேலாகக் கிள்ளிய துண்டு

குரல் கம்மிப்போய் எட்டு மாதம். நான் இருக்கும் வெளிநாட்டில் குடும்ப டாக்டர், வயிற்று அமிலம் மேலே ஏறுகிறது என்று மாத்திரையை மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். தொண்டை நிபுணரைப் பார்க்கும் வரிசையோ நகரவே இல்லை. ஊருக்கு வந்த மறுநாளே மூக்கு வழியாகக் கேமரா விட்டுப் பார்த்துவிட்டார்கள். வலது குரல்நாணின் பின்பக்கத்தில், சவ்வுக்கு அடியில், வெளிர்மஞ்சளாக ஒரு முண்டு. விட்டுவிட்டு மின்னும் ஒளியில் குரல்நாணின் அதிர்வை மெதுவாகக் காட்டும் ஸ்ட்ரோபோஸ்கோப்பில் மற்ற இடமெல்லாம் அலையலையாய் நெளிய, அது மட்டும் விறைத்துக் கிடந்தது.

பயாப்ஸி ரிப்போர்ட் கதைக்கு வருகிறேன். கவரைக்கூட ஒட்டாமல் கவுண்டர் பையன் அத்தான் கையில் கொடுத்துவிட்டான். 'ஸ்குவாமஸ் செல் கார்சினோமாவாக இருக்கலாம்.' அதாவது, மேல்தோல் செல்களில் வரும் புற்றுநோய். டாக்டர் பார்க்கும் முன்பே வீட்டில் அழுகை தொடங்கியாயிற்று. அங்கே என்றால் இதைச் சொல்லத் தனி அறை, பக்கத்தில் ஒரு நர்ஸ், மேசையில் டிஷ்யூ பெட்டி. (அந்த அறைக்குள் போவதற்குத்தான் நாளாகும்.)

டாக்டர் தாளைப் படித்து முகம் சுளித்தார். உடனே, துண்டைப் பரிசோதித்த பேதாலஜிஸ்டுக்குப் போன். "மேடம், மேலாக் கிள்ளிட்டேனோன்னு சந்தேகம். துண்டைப் பதிச்ச அதே மெழுகு பிளாக்கை இன்னும் அடிவரைக்கும் வெட்டிப் பாருங்களேன்." என் முன்னாலேயே! இப்படித் தன் கையையே சந்தேகப்படும் டாக்டரை நான் அங்கே கண்டதில்லை.

இரண்டு நாள் கழித்து அந்த மேடமே என்னை மைக்ரோஸ்கோப் முன் உட்காரவைத்துக் காட்டினார். பொடிமணல் அடைத்த பைகள் மாதிரி இளஞ்சிவப்புச் செல்கள். கிரானுலார் செல் ட்யூமர், புற்றுநோய் இல்லை. நரம்பைச் சுற்றியுள்ள ஷ்வான் செல் வகையிலிருந்து வருவது. அதனால்தான், அந்த வகைச் செல்களைக் காட்டிக்கொடுக்கும் எஸ்-100 சாயம் நன்றாகப் பிடித்திருந்தது. 1926-ல் அப்ரிகோசாஃப் என்ற ரஷ்ய நோய்க்கூறியல் நிபுணர் இதை விவரித்தபோது தசையிலிருந்து வருவதாக நினைத்தாராம். இது அடியில் உட்கார்ந்திருந்தால் மேல்தோல் தடித்து, வேர்விட்டதுபோல் கீழே இறங்கும். மேல்துண்டை மட்டும் பார்த்தால் புற்று மாதிரியே தெரியும். அதை நம்பிக் கதிர்வீச்சுக்குப் போயிருந்தால்? இந்தக் கட்டி அதற்கு மசியாதாம்.

வாய் வழியாகவே, மைக்ரோஸ்கோப் வைத்து, மிச்சம் விட்டால் திரும்ப வரும் என்று முழுசாக எடுத்தார்கள். நல்லபடியாக முடிந்தது.

ஒரு வாரம் மூச்! பேசக்கூடாது. மறுபரிசோதனைக்குப் போன அன்று அதே கவுண்டர்; டோக்கன் கூத்து உங்களுக்குத் தெரியாததில்லை. 'ஆபரேஷன் ஆகியிருக்கிறது, பேசக்கூடாது' என்று எழுதிய சீட்டை நீட்டினேன். பையன் அதை வாங்கிப் பொறுமையாகப் படித்துவிட்டு, காதைக் கண்ணாடி ஓட்டைக்குக் கிட்டே கொண்டுவந்தான்.

"சரி, பேரு என்ன? சத்தமாச் சொல்லுங்க."