மெடிக்கல் போடுவதா, காய்ச்சலோடு எழுதுவதா?

பரீட்சைக்கு முதல் நாள் இரவு உடம்பு அனலாய்க் கொதிக்கிறது. பம்பைமடுவில் உள்ள வவுனியாப் பல்கலைக்கழகத்தில் படித்தாலும், கிளிநொச்சி அறிவியல் நகரில் உள்ள யாழ். பல்கலைக்கழகப் பீடங்களில் படித்தாலும், மாரியில் வன்னிப் பிள்ளைகளுக்கு இந்த நிலை வரத்தான் செய்கிறது. காய்ச்சலோடு போய் எழுதுவதா, மெடிக்கல், அதாவது மருத்துவச் சான்றிதழ், கொடுத்து அடுத்த முறை எழுதுவதா என்று விடிவதற்குள் ஒரு முடிவெடுக்க வேண்டும்.

எப்படியாவது போய் எழுதிவிடு என்பதுதான் வீட்டில் சொல்வது. "பனடோல் போட்டிட்டுப் போ பிள்ளை." ஆனால் மண்டபத்துக்குள் போய் எழுதிவிட்டால், பிறகு அந்தப் பாடத்துக்கு மெடிக்கல் கொடுத்து மீள்வது பொதுவாக முடியாது. தவறினால் அடுத்த முறை ரிப்பீட். ரிப்பீட்டில் எவ்வளவு திறமாக எழுதினாலும் பெரும்பாலும் சி தரத்துக்கு மேல் போடமாட்டார்கள். சி என்றால் 2.0 புள்ளி. அதே பாடத்தில் பி பிளஸ் எடுத்திருந்தால் 3.3. இரண்டு மூன்று பாடம் இப்படிப் போனால், பட்டத்தில் கிளாஸ் (வகுப்புச் சித்தி) எடுக்கும் கனவு அதோடு சரி. தடிமன், சாதாரணக் காய்ச்சல் என்றால் எழுதலாம். டெங்கு என்று சந்தேகம் இருந்தால் பரீட்சை மண்டபத்துப் பக்கமே போகாதீர்கள்.

மெடிக்கல் போட்டு, பல்கலைக்கழகத்தின் மூதவை (செனட்) அதை ஏற்றுக்கொண்டால், அடுத்த முறை எழுதுவது முதல் முறையாகவே கணக்கில் வரும். முழுத் தரமும் கிடைக்கும். பாடம் மறுபடி வரும்வரை காத்திருந்து, கீழ் பட்ச் பிள்ளைகளோடு எழுத வேண்டும், அவ்வளவுதான். உண்மையாக வருத்தம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். ஆனால் இந்த வழியில் திகதிதான் ஆளை விழுத்தும்.

என் தங்கச்சிக்கு நடந்தது இது. வீடு முத்தையன்கட்டுப் பக்கம். ஞாயிறு காய்ச்சல், திங்கள் முதல் பேப்பர். விட்டுவிடும் என்று அம்மா கொத்தமல்லி அவித்துக் கொடுத்தா. விடவில்லை. செவ்வாய் காலைதான் வார்டில் சேர்த்தோம், டெங்கு. ஐந்து நாள் கழித்துத் தந்த அட்டையில் அனுமதித்த நாள் செவ்வாய் என்று இருந்தது. கந்தோரில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, திங்கட்கிழமைக்குக் கடிதம் எங்க?" என்று கேட்டார்கள். மற்றப் பாடங்களுக்கு மெடிக்கல் சரிவந்தது, திங்கட்கிழமைப் பாடம் ரிப்பீட் ஆனது. அடுத்த வருடம் அவள் அதை நன்றாகவே எழுதினாள். பெறுபேற்றில் வந்தது சி. திங்கட்கிழமையே வைத்தியசாலையில் ஓபிடிக்கு (வெளிநோயாளர் பிரிவுக்கு) போய் ஒரு துண்டு எடுத்திருந்தால் போதும். அந்தக் காலையில் அது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

ஆகவே முதல் நாளே அரச வைத்தியசாலைக்குப் போங்கள். தனியார் வைத்தியரின் சான்றிதழ் என்றால், அனேகமாகப் பல்கலைக்கழக வைத்திய அதிகாரியும் உறுதிப்படுத்த வேண்டியிருக்கும். எத்தனை நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்பது பீடத்துக்குப் பீடம் மாறும், மாணவர் கைநூலில் இப்போதே பாருங்கள். வார்டில் படுத்திருப்பவர் இதற்கெல்லாம் ஓட முடியாது. ஒரு கூட்டாளியிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

முழுப் பருவத்துக்கும் விடுப்பு எடுப்பது நீண்ட வருத்தக்காரருக்கு ஏற்றது. சத்திரசிகிச்சை, மன அழுத்தம் போன்றவற்றுக்கு, ஒவ்வொரு பேப்பருக்கும் ஒரு துண்டாகக் கொடுத்துத் திண்டாடுவதைவிட இது மேல். ஒரு வருடம் பிந்தும், பிந்தட்டும்.

கஷ்டம் வருத்தமாக இல்லாமல் வேறாக இருந்தால்தான் விதி கைவிடுகிறது. தாய், தகப்பன், கூடப்பிறந்தவர் இறந்தால் மரணச் சான்றிதழோடு ஏற்பார்கள். அப்பா வயலில் விழுந்து கால் முறிந்து, வீட்டில் உழைக்க வேறு ஆளில்லாமல் போனால்? 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் கதவுகள் திறந்து கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வெள்ளம் வந்தது போல், வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றால்? 2024 நவம்பரில் உயர்தரப் பரீட்சையையே மழைக்காகத் தள்ளி வைத்தார்கள், ஏனென்றால் அது நாடு முழுக்கப் பெய்த மழை. ஒரு வீட்டுக்குள் மட்டும் வரும் தண்ணீருக்கு அப்படி ஒரு ஏற்பாடு இல்லை. இது அநியாயம். மருத்துவச் சான்றிதழுக்குக் கொடுக்கும் மதிப்பைக் கிராம அலுவலரின் கடிதத்துக்கும் கொடுக்க வேண்டும்.

அது வரும்வரை, பொய்யாக மெடிக்கல் எடுக்காதீர்கள், பிடிபட்டால் படிப்பே போகும். பரீட்சை தொடங்கும் முன்பே பீடாதிபதிக்கு ஒரு கடிதம் எழுதி, கிராம அலுவலரின் உறுதிப்படுத்தலையும் இணைத்து, உதவிப் பதிவாளர் கந்தோரில் நேரில் கொடுங்கள். பிரதியில் திகதி முத்திரை வாங்கிக்கொண்டு வாருங்கள்.